இலச்சினையும் வினையும்

கொல்லும் கருவியின்மேல் சித்திரம் எழுதும் வழக்கம் மனித குலத்தில் எவ்வளவு பழமையானது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வில்லைக் கொடியில் எழுதிய சேரனும், புலியை எழுதிய சோழனும், கயலை எழுதிய பாண்டியனும் அந்த வழக்கத்தைத் தொடங்கியவர்கள் அல்லர். நெடுங்காலமாக நடந்துவந்த ஓர் ஊர்வலத்தில் நடுவழியில் சேர்ந்துகொண்டவர்களே. ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்டால், பகைவனை அச்சுறுத்துவதற்கு என்ற பதில் உடனே வந்துவிடும். தேரின் உச்சியில் பறக்கும் கொடியைப் பொறுத்தமட்டில் அந்தப் பதில் ஒருவாறு பொருந்தலாம். ஆனால், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பசிபிக் சமுத்திரத்தின்மேல் 15,000 அடிக்கு ஏறி, அங்கிருந்து ஏறக்குறையச் செங்குத்தாகத் தலைகீழாகப் பாய்ந்து, கப்பலின் மேல்தட்டு கண்முன் விரிந்து பெரிதாகும்வரை பார்வையை எடுக்காமல் இருந்து குண்டை விடுத்துத் திரும்பிய டைவ்-பாம்பர் விமானிகள், தங்கள் தோல் சட்டையின் மார்பிலும் முகாமின் வாசற்பலகையிலும் சில சமயம் விமானத்தின் விலாவிலும் ஒரு தாம்பாள அளவுக்குக் குறைவாக எழுதிவைத்திருந்த இலச்சினையை, எந்தப் பகைவனும் பார்த்து அஞ்சியிருக்க முடியாது. பார்க்கும் தூரத்தில் அவன் வந்தபோது அஞ்சுவதற்கு அவனுக்கு அவகாசம் இல்லை.

அப்படியானால் அந்தச் சின்னம் யாரை உத்தேசித்தது? அணிந்தவனையே உத்தேசித்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அந்த விடையை ஏற்றுக்கொண்டவுடன் விஷயம் சரித்திர ஆசிரியர்களின் கையிலிருந்து நழுவிச் சமயவாதிகளின் சபைக்கு வந்துவிடுகிறது. ஒரு மனிதன் தன் சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மிருகத்தின் பெயரையோ தேவதையின் பெயரையோ பிசாசின் பெயரையோ சூட்டிக்கொண்டு செய்கிற காரியம் யாருடைய காரியம்? சித்திரகுப்தன் என்று ஒருவன் இருப்பானேயானால், அதை யார் பேரில் பற்று எழுதுவான்?

கேள்வியை அந்தரத்தில் தொங்கவிடாமல் இருப்பதற்காக, அமெரிக்க மரீன் படையின் 241ஆம் ஸ்குவாட்ரனை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 231 என்ற எண்ணுடைய பழைய அணி ஒன்றிலிருந்து பிரிந்து பிறந்தது அது. தாய் அணியின் சின்னம் சீட்டுக்கட்டின் இஸ்பேட் ஆஸ். மேல்நாட்டார் அதை மரணத்தின் சீட்டு என்று கருதுவது வழக்கம். 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்ட பத்து நாட்களில், அந்த அணியின் 17 ஒற்றை எஞ்சின் விமானங்கள், இடையில் இறங்க ஒரு திட்டு நிலமும் இல்லாத சமுத்திரத்தின்மேல் 1,100 மைலுக்கு மேல் பறந்து மிட்வே என்னும் சிறு பவளத்தீவை அடைந்தன. 1942 மார்ச்சில் அங்கே இருந்தவர்கள் 241 என்ற புதிய எண்ணைப் பெற்றார்கள். அந்த அணிக்கு வழங்கிய பட்டப்பெயர் 'சாத்தானின் மைந்தர்கள்'.

இதைக் கேட்டவுடன் பக்தியுள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாதிரியாரின் முன் மண்டியிட்ட இளைஞர்கள், ஞானஸ்நானத்தின்போது தங்கள் பொருட்டு ஞானப்பெற்றோர் எவனை விட்டுவிடுவதாக வாக்களித்தார்களோ அவனையே தகப்பன் என்று சொல்லிக்கொள்வது தெய்வநிந்தனை அல்லவா என்பார்கள். சிப்பாய்களின் பரிகாசத்தை வேதாந்தமாக எடுத்துக்கொள்ளலாகாது என்பது உண்மைதான். இருபது வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடினால் பிசாசின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆயினும் பரிகாசம் அறியாமல் சொல்லிவிடுகிற உண்மையை உபதேசம் சொல்லுவதில்லை. அவர்கள் அதிதூதர் மிக்கேலின் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கலாம்; சாத்தானைப் போரில் வென்று தள்ளியவர் என்று அவர்களுடைய வேதமே சொல்லுகிற சேனாதிபதி அவர். அதைச் சூட்டிக்கொண்டிருந்தால், நாங்கள் செய்வது தேவகாரியம் என்று சாதித்திருப்பார்கள். சாத்தானின் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள், தாங்கள் செய்யப்போவது இன்ன ஜாதிக் காரியம் என்பதில் தங்களுக்கு மயக்கம் இல்லை என்று தெரிவித்துவிட்டார்கள். காரியம் அவசியமாக இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அது புண்ணியம் என்று எங்களிடம் வந்து சொல்லாதேயுங்கள் என்கிற ஒரு குரல் அந்தப் பெயருக்குள் எனக்குக் கேட்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், அதே யுத்தத்தில், ஜெர்மானியரின் 'ஸ்டூகா' விமானத்தை நிறுத்திப் பார்க்கலாம். அதுவும் தலைகீழாகப் பாய்கிற ஜாதிதான். அதன் சக்கரக் கால்களில் காற்றினால் சுழலும் ஒரு சிறு விசிறியைப் பொருத்தி, பாயும்போது அது ஊளையிடும்படி செய்தார்கள். போலந்திலும் பிரான்ஸிலும் மூட்டை முடிச்சுகளோடு சாலையில் ஓடிய ஜனங்கள் அந்த ஊளையை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. அந்தக் கருவிக்கு வழங்கிய பெயர் 'எரிகோவின் எக்காளம்'. யோசுவாவின் காலத்தில் ஆசாரியர்கள் ஏழு நாள் எக்காளம் ஊதிச் சுற்றிவர, எரிகோ பட்டணத்தின் மதில் தானாக இடிந்து விழுந்தது என்பது விவிலியக் கதை. தெய்வசங்கல்பத்தின் ஓசையை எடுத்து, ஓடுகிற தாய்மாரைப் பதறவைக்கும் யந்திரத்துக்குச் சூட்டியவர்களையும், தங்களையே சாத்தானின் பிள்ளைகள் என்றவர்களையும் தராசில் வைத்தால், தெய்வநிந்தனைத் தட்டில் முன்னவர்கள்தாம் கனமாக இறங்குவார்கள் என்பது என் அபிப்பிராயம். தேவனின் பெயரைப் பாபத்துக்குக் கடன் வாங்குவதைவிடப் பாபத்தின் பெயரையே பாபத்துக்கு வைப்பது பக்திக்குக் கிட்டின செயல்.

இனி அந்த மைந்தர்கள் செய்தது என்ன என்று பார்ப்போம். 1942 ஜூன் 4ஆம் தேதி காலை ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மிட்வேயை நெருங்கின. 241ஆம் அணியிடம் இரண்டு வகை விமானங்கள் இருந்தன. 'டான்ட்லெஸ்' என்னும் புது வகை வந்து சில நாட்களே ஆகியிருந்தன. விமானிகளில் பெரும்பாலோருக்கு அதில் தக்க பயிற்சி இல்லை. மற்றொன்று 'விண்டிகேட்டர்' என்னும் பழைய விமானம். அதன் உடலின் பின்பகுதி துணியால் போர்த்தப்பட்டது. பாய்ச்சல் பயிற்சியின்போது அந்தத் துணி காற்றில் உரிந்து வந்துவிட்டதால், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அகல அகலமாகக் கிழித்து விமானத்தைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் மெழுகெண்ணெய் போலப் பசைச்சாயம் தடவி வைத்திருந்தார்கள். சாத்தானின் மைந்தர்கள் நரகத்திலிருந்து அக்கினி ரதத்தில் புறப்படவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய துணி விமானத்தில் புறப்பட்டார்கள். பட்டப்பெயருக்கும் பட்டத்தைச் சுமந்த ஜீவனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

அணித்தலைவர் மேஜர் லாஃப்டன் ஹெண்டர்சன், தம் ஆட்களின் அனுபவக் குறைவை எண்ணி, செங்குத்தான பாய்ச்சலைக் கைவிட்டுச் சாய்வாக வழுக்கி இறங்கும் முறையைத் தேர்ந்தார். அனுபவமற்றவனுக்கு அது சுலபம். ஆனால் எதிரியின் பீரங்கிக்கும் அதுவே சுலபம். கப்பல்களை அணுகுவதற்குள் ஜப்பானிய விமானங்கள் மேலே விழுந்தன. தலைவருடைய விமானத்தில் தீப்பிடித்தது. அவர் கடலில் வீழ்ந்தார். 16 டான்ட்லெஸ் விமானங்களில் 8 திரும்பின. சற்று நேரம் கழித்து மேஜர் பெஞ்சமின் நாரிஸின் தலைமையில் வந்த விண்டிகேட்டர்கள், விமானந்தாங்கிகளை நெருங்க முடியாமல் 'ஹருனா' என்னும் போர்க்கப்பலின்மேல் குண்டு போட்டன. அன்று மாலை மறுபடி புறப்பட்ட நாரிஸ் இருளில் திரும்பி வரவில்லை. காலை முழுவதும் அந்த அணி போட்ட குண்டுகளில் ஒன்றுகூட எந்தக் கப்பலின்மேலும் விழவில்லை.

டைவ்-பாம்பரில் இருவர் அமர்வார்கள். முன்னால் இருப்பவன் விமானி. பின்னால் இருப்பவன் துப்பாக்கிக்காரன். பின்னவன் முதுகைக் காட்டி, வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். விமானம் தலைகீழாகப் பாயும்போது விமானிக்குக் கண்முன் இருப்பது கப்பல் ஒன்றே. துப்பாக்கிக்காரனுக்குக் கப்பல் தெரியாது. அவன் மல்லாந்த நிலையில், விலகிக்கொண்டே போகும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு விழுகிறான். ஒரே பாய்ச்சல், ஒரே குண்டு, ஒரே வினை. ஒருவன் இலக்கைப் பார்த்தபடியும் ஒருவன் வானத்தைப் பார்த்தபடியும் அதில் பங்கு கொள்கிறார்கள். பார்த்தவனுக்கு வினை அதிகமா, பாராமல் உடன் விழுந்தவனுக்குக் குறைவா என்று எந்த மீமாம்சகரும் தீர்ப்புச் சொல்லி நான் படித்ததில்லை.

இங்கே பழைய தமிழ்நாட்டு வழக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. வினை என்பது எண்ணத்தில் இருக்கிறது, எண்ணமே வினை என்று பௌத்தர்கள் சாதித்தார்கள். எண்ணம் இல்லாமல் நேர்ந்தாலும் ஹிம்சைக்குப் பந்தம் உண்டு, தீயை அறியாமல் தொட்டவனின் கையும் சுடும் என்று ஜைனர்கள் மறுத்தார்கள். நீலகேசி போன்ற வாத நூல்கள் பிறந்த சூழ்நிலை அது. இரு கட்சியாரையும் மிட்வேக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு விபரீதம் தெரிகிறது. 241ஆம் அணியினர் கொல்ல எண்ணினார்கள், தங்கள் குண்டினால் ஒருவரையும் கப்பலில் கொல்லவில்லை. ஆகவே பௌத்தர் கணக்கில் அவர்கள் கொலையாளிகள், ஜைனர் கணக்கில் அவர்கள் சுமை சற்று இலேசானது. ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. காலை முழுவதும் இப்படித் துண்டு துண்டாக வந்து மடிந்தவர்களை விலக்குவதிலேயே ஜப்பானியக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடின; தங்கள் பதிலடியை ஏவப் பொழுது கிடைக்கவில்லை. பத்தரை மணிக்குச் சற்று முன் 'என்டர்பிரைஸ்', 'யார்க்டவுன்' கப்பல்களிலிருந்து வந்த வேறு டைவ்-பாம்பர்கள் எதிர்ப்பின்றிப் பாய்ந்து, சில நிமிஷங்களுக்குள் 'அகாகி', 'காகா', 'சோரியு' என்னும் மூன்று கப்பல்களையும் தீக்கிரையாக்கின. மாலையில் 'ஹிரியு'வும் எரிந்தது. அந்த யுத்தத்தில் ஜப்பானியர் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காலையில் வீணாகச் செத்தவர்கள் விதைத்ததை முற்பகலில் வந்தவர்கள் அறுத்தார்கள். பலனை எதிர்பாராமல் கர்மத்தைச் செய் என்ற உபதேசத்தை நாம் அமைதியான அறையில் உட்கார்ந்து சிலாகிக்கிறோம். பலன் தங்களுக்கு வராமல் போனது மாத்திரமல்ல, பலன் உண்டு என்பதையே அறியாமல் கடலில் மூழ்கியவர்களுக்கு அந்த உபதேசம் ஆறுதலா, கொடுமையா என்பதை நினைக்க மனம் தயங்குகிறது.

மறுநாள் ஜூன் 5ஆம் தேதி, கேப்டன் ரிச்சர்ட் பிளெமிங் என்ற 24 வயது விமானி, ஒன்றோடொன்று மோதிச் சேதமுற்றிருந்த 'மிகுமா', 'மொகாமி' என்ற க்ரூஸர்களைத் தாக்கப் புறப்பட்டார். முதல் நாள் தாக்குதலில் அவர் 400 அடி வரை தாழ்ந்து சென்று குண்டு போட்டுத் திரும்பியபோது, அவர் விமானத்தில் 179 துளைகள் இருந்ததாக அவருடைய விருதுப் பத்திரம் சொல்லுகிறது. இரண்டாம் நாள் எரிகிற விமானத்தோடு பாய்ந்து, துணைவரான துப்பாக்கிக்காரரோடு மாண்டார். கப்பலின் பீரங்கி மேடைமேலேயே மோதினார் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் அருகே கடலில் விழுந்தார் என்பதே பொருந்தும் என்கிறார்கள். தேசம் அவருக்குத் தன் மிக உயர்ந்த வீரவிருதை அளித்தது. இந்தச் சாத்தானின் மைந்தர் மினசோட்டா ராஜ்யத்தில் படித்த கத்தோலிக்கப் பள்ளிக்குப் புனித தோமாவின் பெயர். இந்தத் தோமாவைப் பின்னால் மறுபடி சந்திப்போம்.

இலச்சினையைப் பற்றிய இன்னொரு சம்பவத்தை இந்த இடத்தில் சொல்லவேண்டும். அந்நாளில் அமெரிக்க விமானங்களின் தேசியச் சின்னம் நீல வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம், அதன் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. மிட்வே யுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்னே, 1942 மே மாதத்தில், அந்தச் சிவப்புப் பொட்டை வெள்ளையடித்து மறைக்கும்படி உத்தரவாயிற்று. பரபரப்பில் சுடுகிறவன் கண்ணுக்கு அது ஜப்பானின் உதயசூரியனாகத் தோன்றி, சொந்த விமானத்தையே சுட்டுவிடுவான் என்ற பயம். நம் நாட்டிலிருந்து பர்மா முனைக்குப் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வளையச் சின்னத்திலிருந்தும் அதே காரணத்தால் சிவப்பு பின்னர் அகற்றப்பட்டது. சின்னம் என்பது 'நான் அவன் அல்லன்' என்று சொல்லுவதற்காகவே இருக்கிறது. ஆகவே அவனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பொட்டு இருந்தாலும் அதைத் துடைத்துவிட வேண்டியிருக்கிறது. துடைத்த பிறகும் பொதுவானவை பல மிஞ்சின. ஜப்பானிய விமானந்தாங்கிகளிலும் அதே விதமான டைவ்-பாம்பர்கள் இருந்தன. அவற்றிலும் ஒருவன் இலக்கைப் பார்த்தும் ஒருவன் வானத்தைப் பார்த்தும் விழுந்தார்கள்.

நம் புராணங்கள் கொடியை எப்படி வைத்திருக்கின்றன என்று பார்த்தால், வேறொரு மனோபாவம் புலப்படுகிறது. சூரபன்மன் முருகனோடு பொருது, மாமரமாக நின்று, இரு கூறாகப் பிளக்கப்பட்டான். ஒரு கூறு மயிலாயிற்று, ஒரு கூறு சேவலாயிற்று. மயில் வாகனம், சேவல் கொடி. அதாவது, தோற்ற பகைவனே வென்றவனுடைய கொடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். வென்றவன் எங்கே போனாலும் தான் யாரை வென்றான் என்பதைத் தலைக்குமேல் சுமந்துகொண்டே போகவேண்டும். தன்னிடமிருந்து பகைவனின் நிறத்தைத் துடைத்தெறியும் சின்னத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் சாமானியமானது அன்று.

அர்ச்சுனனுடைய தேரில் வானரக்கொடி. அனுமன் அதில் இருந்தானே தவிர, அம்பு எய்ததாகப் பாரதம் சொல்லவில்லை; கர்ஜித்தான், பார்த்தான். யுத்தம் முடிந்தபின் கண்ணன், முதலில் நீ இறங்கு என்று அர்ச்சுனனை இறக்கிவிட்டுப் பிறகு தான் இறங்கினான். இறங்கியதும் கொடியிலிருந்த வானரம் மறைந்தது, தேர் தீப்பற்றிச் சாம்பலாயிற்று. துரோணனும் கர்ணனும் விடுத்த அஸ்திரங்களால் எப்போதோ எரிந்திருக்க வேண்டிய தேர் அது. கொடியும் சாரதியும் இருக்கும்வரை தேரைக் காத்தார்கள்; ஆனால் பாட்டனையும் குருவையும் தமையனையும் கொன்ற வினையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. அதை அர்ச்சுனனே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் அசுவமேத யாகம் செய்தும் பாண்டவர்களுக்கு நிம்மதி வந்ததாகக் கவி காட்டவில்லை. நிமித்தமாக மாத்திரம் இருப்பவனைப் பாபம் தொடாது என்று கீதையைக் காட்டிச் சுலபமாகப் பேசுகிறவர்கள், கீதைக்குப் பின்னும் பாரதம் பல பர்வங்கள் நீளுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த விஷயம் நமக்குத் தூரத்து விஷயமும் அன்று. 1942 டிசம்பரில், மலைக்கோட்டையின் நிழல் விழும் திருச்சிராப்பள்ளியில், இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்டது. அது டைவ்-பாம்பர் அணிதான். அதற்கு அமெரிக்காவில் செய்த 'வெஞ்சென்ஸ்' என்னும் விமானத்தைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் அது சிட்டகாங் பக்கத்திலிருந்து அரக்கான் முனையில் குண்டு போட்டது. பழிவாங்குதல் என்ற பொருள்பட்ட பெயருடைய யந்திரத்தில் ஏறிய அந்த இந்திய வாலிபர்களுக்கு ஜப்பானியர்மேல் என்ன பழி இருந்தது என்பது சங்கடமான கேள்வி. அவர்களுடைய தேசமே அப்போது வேறொருவர் கையில் இருந்தது. சுதந்திரம் வந்தபின் சில காலம் இந்திய விமானங்களின்மேல் அசோகச் சக்கரம் எழுதப்பட்டிருந்தது. கலிங்கத்துச் சாவைக் கண்டு மனம் உடைந்து, இனித் தர்மத்தினால் அன்றி ஜயிப்பதில்லை என்று கல்லில் வெட்டிய மன்னனுடைய சக்கரம் போர்விமானத்தின் விலாவில் சுழன்றது.

இதைவிட ஆழமான செய்தி அந்தப் படையின் குறிக்கோள் வாசகத்தில் இருக்கிறது. அது கீதையின் 11ஆம் அத்தியாயத்திலிருந்து, விசுவரூபத்தின் வானளாவிய ஜ்வாலையை வருணிக்கும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. கம்பீரமான சொற்கள், விமானப்படைக்கு மிகப் பொருத்தம் என்று எவரும் மெச்சுவார்கள். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்லுகிறவன் விசுவரூபம் எடுத்த பகவான் அல்லன்; அதைக் கண்டு நடுங்குகிற அர்ச்சுனன். அதே சுலோகத்தின் பின்பாதியில் அவன், தன் உள்ளம் பதறுகிறது, தைரியமும் சாந்தியும் தன்னை விட்டுப் போயின என்கிறான். தேர்ந்தெடுத்தவர்கள் அதை நினைத்துத் தேர்ந்தார்களோ, நினையாமல் தேர்ந்தார்களோ, ஆகாயத்தை ஆளும் சேனை தன் மார்பில் பொறித்துக்கொண்டிருப்பது ஆகாயத்தைக் கண்டு அஞ்சியவனின் வாக்கு. உலகத்திலுள்ள விமானப்படை வாசகங்களில் இதைக் காட்டிலும் நேர்மையான ஒன்றை நான் அறியேன்.

இலச்சினையை அணிந்தவனே தன் பொருட்டு அணிகிறான் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்குக் காரணம் இப்போது சற்று விளங்குகிறது. டைவ்-பாம்பர் விமானி, அரை நிமிஷத்துக்கு மேலாக, தான் அழிக்கப்போவதைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். குளிர்ந்த உயரத்திலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றுக்குள் பாய்கையில் குறிபார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படர்ந்து எல்லாம் மறைவதுண்டு. அப்போதும் அவன் நினைவில் இலக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறான். தான் செய்வதைப் பார்க்கிறவனுக்குத்தான் முகமூடி தேவைப்படுகிறது. மிக உயரத்தில் பறந்து, கீழே நடப்பது ஒன்றும் தெரியாமல் குண்டைச் சொரிந்த பெரிய விமானங்களின் மூக்கில் பெரும்பாலும் எழுதியிருந்தவை வீட்டு நினைவுகள், காதலியரின் பெயர்கள், சிரிக்கும் பெண்கள். 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி 31,000 அடியிலிருந்து ஹிரோஷிமாவின்மேல் அணுகுண்டைப் போட்ட விமானத்தின் மூக்கில் எழுதியிருந்தது அதன் தளபதியுடைய தாயாரின் பெயர். மகன் அன்பினால்தான் எழுதினான். அதில் சந்தேகம் இல்லை. குறி தவறிய 500 பவுண்டு குண்டுக்குச் சாத்தான் பொறுப்பு, பதினாயிரக்கணக்கானோரைச் சாம்பலாக்கிய குண்டுக்குத் தாய் பொறுப்பு என்று கணக்கு எழுதுகிறவன் எழுதமாட்டான் என்றுதான் நம்பவேண்டும்.

மீண்டும் 241ஆம் அணியிடம் வருவோம். மிட்வேக்குப் பின் தென்கடல் தீவுகளில் பணிபுரிந்துவிட்டு, 1945 ஜனவரி இறுதியில் அது பிலிப்பைன்ஸில் லூஸான் தீவின் மங்கல்தான் விமானதளத்தை அடைந்தது. பிப்ரவரி முதல் தேதி அமெரிக்கக் குதிரைப்படை டிவிஷன் ஒன்று - குதிரைகள் போய் மோட்டார் வண்டிகள் வந்திருந்தன, பெயர் மட்டும் மாறவில்லை - மணிலாவை நோக்கி விரைந்தது. அதன் பக்கங்களைக் காக்கும் பொறுப்பு மங்கல்தானிலிருந்து எழுந்த மரீன் டைவ்-பாம்பர்களுக்கு. விடியல் முதல் அந்தி வரை ஒன்பது விமானங்கள் எப்போதும் மேலே இருந்தன. வழியில் ஓரிடத்தில் ஜப்பானியர் மேட்டில் நின்று மறித்தார்கள். இரு தரப்பும் மிக நெருங்கியிருந்தபடியால் குண்டு போட இடமில்லை. விமானிகள் குண்டு போடாமலும் சுடாமலும், போடுவதுபோலவே மறுபடி மறுபடி பாய்ந்து காட்டினார்கள். மேட்டிலிருந்தவர்கள் தலை தூக்கவில்லை. படை கடந்து போயிற்று. டைவ்-பாம்பரின் சரித்திரத்தில், பாவனை மட்டும் செய்து காரியம் முடிந்த அந்தப் பாய்ச்சலைத்தான் நான் மனமாரப் படித்தேன்.

படை விரைந்தது எதை நோக்கி? மூன்றாண்டுகளாக 3,700 அந்நியக் குடிமக்களை ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த சாந்தோ தோமாஸ் சர்வகலாசாலையை நோக்கி. 1611இல் தொமினிக்கத் துறவிகள் நிறுவிய ஸ்தாபனம் அது. அமெரிக்காவின் ஹார்வர்டைவிட மூத்தது. அதன் பெயருக்குரியவர் நம் மயிலாப்பூர்த் தோமையார் அல்லர்; 13ஆம் நூற்றாண்டு ஞானி தாமஸ் அக்குவினாஸ். பிளெமிங் படித்த பள்ளிக்கும் அந்த ஞானியே பெயர் தந்தவர். யுத்தம் எப்போது பாபம் ஆகாது என்பதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்தவர் அவர்: ஆளும் அதிகாரம் உடையவன் நடத்த வேண்டும், எதிரி தண்டனைக்குரிய குற்றம் செய்திருக்க வேண்டும், போர் புரிகிறவனின் எண்ணம் நன்மையைச் சார்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் அரசாங்கங்கள் காகிதத்தில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்துவிடும். மூன்றாவதற்கு முத்திரை கிடையாது. சாத்தானின் மைந்தர்கள் என்ற பெயரோடு பறந்தவர்கள், பசியால் எலும்பும் தோலுமாகிவிட்ட கைதிகளை மீட்கப் போகிற படைக்கு நிழலாக, அந்த ஞானியின் வாசலை நோக்கிப் பறந்தார்கள். பிப்ரவரி 3ஆம் தேதி இரவு வாசல் திறந்தது. அதற்கு முன் தாழப் பறந்த விமானி ஒருவர் தம் பறக்கும் கண்ணாடியில் ஒரு சீட்டைக் கட்டி முற்றத்தில் போட்டார் என்று விடுபட்டவர்கள் பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள்.

அக்குவினாஸின் மூன்றாம் நிபந்தனையை அன்று மங்கல்தானிலிருந்து பறந்தவர்கள் நிறைவேற்றினார்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அடுத்த சில வாரங்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகப் பேச முடியாது. மணிலாவின் தெருத்தெருவாக நடந்த சண்டையில் ஏறக்குறைய ஒரு லட்சம் நகரமக்கள் மாண்டார்கள்; ஜப்பானியர் வேண்டுமென்றே கொன்றவர்கள் பலர், இடையில் அகப்பட்டு இறந்தவர்கள் பலர். பழைய மதில்நகரமான இந்த்ராமூரோஸைத் தாக்கும் கட்டம் வந்தபோது, குடிமக்கள் உள்ளே இருக்கிறார்கள் என்ற காரணத்தால் ஆகாயத்திலிருந்து குண்டு போடக்கூடாது என்று தளபதி மக்கார்தர் தடுத்துவிட்டார். விமான அணிகள் அந்தத் தாக்குதலில் சேரவில்லை. அதன் பிறகு பீரங்கிகள் மதில்நகரத்தைத் தூளாக்கின. அங்கிருந்த ஏழு கோயில்களில் சான் அகுஸ்தின் ஒன்றே நின்றது. குறிபார்த்துப் பாய்ந்து, பார்த்தபடி போடும் குண்டு கருணையின் பேரால் தடுக்கப்பட்டது. மைல் தூரத்திலிருந்து பாராமல் போடும் குண்டு அனுமதிக்கப்பட்டது. தர்மசாஸ்திரம் படித்தவர்கள் இந்த உத்தரவை எந்த அத்தியாயத்தில் வைப்பார்களோ தெரியாது. பீரங்கிக்காரர்களுக்குச் சாத்தானும் தேவைப்படவில்லை, மிக்கேலும் தேவைப்படவில்லை. வரைபடத்தில் ஓர் எண் போதுமாயிருந்தது. 241ஆம் அணி மிண்டனாவோ தீவுக்குப் போய் இன்னும் சில மாதம் பறந்தது. ஜூலையில் அதைக் கலைத்தார்கள்.